தடம் மாறும் பட்டதாரிகள்

பாலம் கட்டப் படித்தவர், கம்ப்யூட்டருக்குக் காது கொடுத்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் பட்டம் வாங்கிய ராஜ் ரெட்டி, 1966-ல் ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ் டாக்டரேட் முடித்தார். மனிதப் பேச்சைக் கருவிக்குப் புரியவைக்கும் ஆய்வில் பெயர் வாங்கிய அவருக்கு 1994-ல் ட்யூரிங் விருது.

அந்தத் தலைமுறைக்கு வேறு வழியும் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியபோது பாடம் நடத்திய வி. ராஜாராமனே எலக்ட்ரிகல்காரர்தான். அங்கே 1970-களில் முதலில் வந்தது எம்.டெக்.; பி.டெக். பிறகுதான். அதாவது, மற்ற துறைக்காரர்களை நம்பித்தான் இந்தப் படிப்பே ஆரம்பமானது.

இன்று கதை தலைகீழ். கம்ப்யூட்டர் சயன்ஸ் பி.டெக். முடித்தவர்களே கூட்டம் கூட்டமாக 'கேட்' எழுதுகிறார்கள். அவர்களோடு மெக்கானிக்கல்காரரும் சிவில்காரரும் மோத வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண். பொது அறிவுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13. பாக்கி 72-ம் ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், அல்காரிதம் என்று நாலு வருடம் அடுத்த வகுப்பறையில் நடந்த பாடங்கள். கணிதத்திலும் பாதி புதுசு; மெக்கானிக்கலில் டிஸ்கிரீட் கணிதத்தை யார் பார்த்தார்கள்? வெப்சைட் செய்யத் தெரிந்த தைரியத்தில் இறங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது ஆட்டமேட்டா தியரியில்.

2024-ல் சேர்க்கப்பட்ட டேட்டா சயன்ஸ் தாள் கொஞ்சம் கருணையானது. நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் அதில் முக்கியம் என்பதால் இயற்பியல், புள்ளியியல்காரர்கள் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் எம்.எஸ்ஸி.க்குத் தானே நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கணிதம் பிடித்தவர்களுக்கு நல்ல வாசல்.

கலை, வணிகப் பட்டதாரிகளுக்கு இருந்த பெரிய வாசல் எம்.சி.ஏ. ராஜாராமன் தலைமையிலான குழுவின் யோசனையில் உருவானது. மூன்று வருடப் படிப்பு. 2020-21 முதல் ஏ.ஐ.சி.டி.இ. அதை இரண்டாகக் குறைத்தது. பி.சி.ஏ. முடித்தவருக்கு ஒரு வருடம் மிச்சம். பி.காம். முடித்தவருக்கோ, அஸ்திவாரம் போட இருந்த வருடமே போயிற்று. பதிலுக்கு ஒரு இணைப்புப் பாடம். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. பதினாறு வயதில் கணக்கைக் கைகழுவியவர், இருபத்தொரு வயதில் அதற்கு விலை கொடுத்தார். என்.ஐ.டி.களின் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்விலும் 120 கேள்விகளில் 50 கணிதம்தான்.

இத்தனை பாடு அவசியமா என்பது நோக்கத்தைப் பொறுத்தது. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் எந்தப் பிரிவு பொறியாளரையும் எடுத்துச் சில மாதங்களில் பழக்கிவிடுகின்றன. வேலை மட்டுமே குறி என்றால் இரண்டு வருடமும் கல்விக் கடனும் வீண். சிஸ்டம்ஸ், தியரி, மெஷின் லேர்னிங் ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்குத்தான் பட்டம் தேவைப்படும்.

அவர்களுக்கும் அவசரம் வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கையில் உள்ள வேலையை விடாமல் எழுதிப் பார்க்கலாம். ரேங்க் வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதினால் போதும்.