தாத்தாவின் அம்பாசடர்: ஓட்டினால் எவ்வளவு, நிறுத்தினால் எவ்வளவு

திண்டுக்கல்லைச் சுற்றி ரெட்டியார்சத்திரம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இன்னும் அம்பாசடர்கள் நிற்கின்றன. வாங்கியவர் காலமாகிவிட்டார், சாவி பிள்ளைகள் கையில். காரியம் முடிந்த கையோடு பேச்சு தொடங்கிவிடும். "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்பார் மூத்தவர். "பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஆளுக்குப் பங்கு எடுத்துக்கலாம்" என்பார் இளையவர். "கோயம்புத்தூர் கொண்டுபோய்ப் புதுசாட்டம் பண்ணிரலாம் மச்சான்" என்பார் மாப்பிள்ளை. மூன்று பேச்சுக்கும் தொகை போட்டுப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் குடும்பத்துக்குக் குறைந்த செலவு. நிறுத்திவைப்பதும் பாதியில் விட்ட புதுப்பிப்பும்தான் பணத்தைத் தின்கின்றன.

கணக்குக்கு 1972-இல் பதிவான ஒரு மார்க் 2 அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15-இல்தான். அதனால் 1972-ஆம் வருஷத்து ஆர்.சி. புத்தகம் மதுரை மாவட்டக் காலத்தது, டி.என். 57 என்ற எண்ணெல்லாம் பிறகு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் கட்டிய வண்டி. 1957-58 வாக்கில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

விலை பேசும் முன் பானெட்டைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் 1932 ஃபோர்டு உடம்பில் பெரிய எஞ்சினை ஏற்றி ஓட்டிய இளைஞர்கள் அதற்கு ஹாட் ராட் என்று பெயர் வைத்தார்கள். நம் சமவெளியிலும் அந்த வேலை நடந்தது, காரணம் மட்டும் வேறு. அங்கே வேகத்துக்காகச் செய்தார்கள். இங்கே டீசல் மலிவு என்பதற்காகப் பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மார்க் 2-இல் கம்பெனி வைத்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பின்னாளில் அதே வகை உடம்பில் 1489 சி.சி. டீசலும், 1992-க்குப் பிறகு 1817 சி.சி. இசுசு பெட்ரோலும், 1995 சி.சி. இசுசு டீசலும் வந்தன. பழைய வண்டிக்குள் இவற்றில் எது வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். எஞ்சின் பிளாக்கில் எண் அடித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். ஐம்பது வருஷத்து எண்ணெயும் புழுதியும் கெட்டித்துப் போயிருக்கும். இரண்டு மூன்று துணி கறுக்கும். இரும்பு தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பும். சேசிஸ் எண்ணையும் அப்படியே எடுத்து, இரண்டையும் ஆர்.சி.யோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒத்துப்போகாவிட்டால் செலவு அங்கேயே தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் விருப்பப்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டிலும் இடிக்கும். 2022 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள மூன்றாம் நபர் பிரீமியம் 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் முறையே 4,031, 9,318. பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இருக்கும் அம்பாசடர் வெறும் 11 சி.சி. வித்தியாசத்தில் கீழ்ப்படியில் தப்பிக்கிறது. இசுசு ஏற்றிய வண்டி வருஷத்துக்கு 5,287 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் இப்படித் தனியாகக் கட்டிய வண்டிகளில் வருஷத்துக்கு 500-க்குப் புகைச் சோதனையில் விலக்கு தந்து பதிவு செய்கிறார்கள். நம் சட்டத்தில் அந்த மாதிரி ஒரு சன்னல் திறக்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைக்கு இல்லை.

பெயர் மாற்றத்துக்குப் பெரிய செலவு கிடையாது. உரிமையாளர் இறந்த தகவலை 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கட்டணம் 300 ரூபாய். தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு; ஆர்.சி.யில் ஏறுவது ஒரு பெயர்தான். அந்தப் பெயர் யாருடையது என்ற மனத்தாங்கலில்தான் பல வண்டிகள் கொட்டகையிலேயே துருப்பிடித்திருக்கின்றன.

15 வருஷம் தாண்டினால் வண்டியை ஒழித்துவிட வேண்டும் என்று நம் ஊரிலும் நம்புகிறார்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வரம்பு தலைநகர் டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. இங்கே சொந்த உபயோகக் காரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தகுதி காட்டிப் புதுப்பிக்கலாம். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் 10,000 ரூபாயானது. நாள் தவறினால் மாதம் 500 ரூபாய் கூடுதல். அப்பா படுக்கையில் விழுந்தபின் நாலு வருஷம் யாரும் கவனிக்கவில்லை என்றால் தாமதத்துக்கு மட்டும் 24,000, கட்டணத்தோடு 34,000. கீழே வரும் ஒரு முழு வருஷ ஓட்டச் செலவைவிட இது அதிகம்.

இன்னொரு வழி, விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், உடம்பு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டும் இது கிடைக்கும். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும்; அடுத்த புதுப்பித்தல் 5,000. ஐந்து வருஷத்துக்கு 10,000 என்ற சாதாரண வழியும் பத்து வருஷத்துக்கு 20,000 என்ற இந்த வழியும் வருஷத்துக்கு அதே 2,000-தான். பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அதில் மிஞ்சுவது 2,016 ரூபாய். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு வண்டியை எடுக்க முடியாது; கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலை. பங்குனி உத்திரத்துக்குப் பழனி போய்வர நினைக்கும் குடும்பம் 2,016 ரூபாய்க்காக அந்தப் பயணத்தை இழக்க வேண்டாம் என்பேன்.

மாதம் 100 கி.மீ. ஓட்டுவதாக வைத்து வருஷக் கணக்கு இது. லிட்டருக்கு 9 கி.மீ., பெட்ரோல் 102 ரூபாய், சில்லறைக்கு நானாக ஒதுக்கிய ஒரு தொகை:

பதிவுப் புதுப்பித்தல் (ஐந்தில் ஒரு பங்கு) – 2,000
மூன்றாம் நபர் காப்பீடு – 4,031
பெட்ரோல், 133 லிட்டர் – 13,600
ஆயில், பேட்டரிக்குச் சேமிப்பு, பிரேக், புகைச் சான்று, சில்லறை – 12,000
மொத்தம் – 31,631

மாதத்துக்கு 2,636. நான்கு வாரிசுகள் பகிர்ந்தால் ஆளுக்கு வருஷத்துக்கு 7,908.

சில்லறைக்கு 12,000 ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். 54 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதில் 10.8 லிட்டர். 1972-ஆம் வருஷத்து ரப்பர் குழாய் இதற்காகச் செய்ததில்லை, ஊறி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நின்ற வண்டியில் அந்த ஈரம் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். குழாய்களை முதலிலேயே மாற்றிவிட வேண்டும், வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுப்பதுதான். மாஸ்டர் சிலிண்டர் ஒட்டிக்கொள்வது ஓடாத வண்டியில்தான் அதிகம்.

நம் ஊருக்கு இரண்டு சாதகங்கள் உண்டு. கடல் உப்புக்காற்று கிடையாது, அதனால் தகரம் சென்னை வண்டியைவிட நன்றாகவே இருக்கும். அடுத்தது, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத் தொழில். கதவுப் பூட்டு தேய்ந்து சாவியும் தொலைந்திருந்தால் புதுப் பாகம் தேடி அலைய வேண்டாம். லீவரைக் கழற்றி அரம் வைத்து ராவிச் சாவி செய்யும் கைகள் நல்லாம்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கின்றன.

பழைய இரும்புக்குப் போட்டால்? ஏறக்குறைய 1,100 கிலோ வண்டியில் கண்ணாடி, ரப்பர், சீட் கழித்து 900 கிலோ, கிலோ 30 ரூபாய் என்று போட்டாலும் 27,000 ரூபாய். ஆளுக்கு 6,750. ஒரு வருஷம் ஓட்டும் பங்கைவிடக் குறைவு. அதிகாரபூர்வ அழிப்பு மையத்தில் கொடுத்தால் கிடைக்கும் சான்றுக்கு, புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை உண்டு. அடுத்த சில மாதத்தில் புதுக் கார் வாங்குவதாக இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு நிற்கும்.

மாப்பிள்ளை சொன்ன புதுப்பிப்புக்கு வருவோம். டிங்கரிங், பட்டி, பெயின்ட், எஞ்சின் போரிங், சீட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று யாராவது மதிப்புச் சொன்னால், அது ஒன்பதரை வருஷத்து ஓட்டச் செலவு. தரையைத் திறந்தபின் தொகை ஏறும், குறையாது. அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். தரைத் தகரம் அரித்திருந்தால் வெட்டி ஒட்டாமல் விட முடியாது. அதனால் பாதுகாப்பு வேலை முதலில், அதாவது பிரேக், குழாய், வயரிங், டயர். பெயின்ட் கடைசி. பாதிப் பணத்தில் பெயின்ட் உரித்துவிட்டு நிற்கும் வண்டியைக் கேட்பாரில்லை; வாங்குபவர் காணாமல்போன உதிரிகளையும் விலையில் கழிப்பார்.

விற்பதென்றால் வரியையும் பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு வரி கிடையாது. ஆனால் 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி 1990-களின் தொடக்கத்தில் 21 லட்சத்துக்கு விற்ற ஒரு 1931 ஃபோர்டு டூரர் வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-இல் வரி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கார் ஓட்டத்தக்கதாக இருந்தால் போதாது, சொந்தத்துக்கு உண்மையிலேயே ஓட்டியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொட்டகையில் சீலை போர்த்தி வைத்த வண்டிக்கு அந்த நிரூபணம் இருக்காது. ஆகவே பெட்ரோல் பில், மெக்கானிக் பில், காப்பீட்டுத் தாள், புகைச் சான்று எல்லாவற்றையும் தேதி வாரியாக ஆர்.சி.யோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். வாங்க வருபவரும் முதலில் கேட்பது அந்தக் கவரைத்தான்.