ரத்தம் ஏத்துறது எப்போ அவசியம்? ஒரு யூனிட் போதுமா, ரெண்டு வேணுமா? - முழு விளக்கம்

"ஹீமோகுளோபின் குறைவா இருக்கு, ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணிடுங்க."

மருத்துவமனையில் இந்த வார்த்தை காதில் விழுந்ததும் குடும்பமே பதறிவிடும். வாட்ஸ்அப் குரூப்களில் தகவல் பறக்கும், நண்பர்கள் ரத்த வங்கிக்கு ஓடுவார்கள். அந்த அவசரத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நோயாளிக்கு உண்மையிலேயே ரத்தம் தேவையா? தேவைன்னா, ஒரு யூனிட் போதாதா?

இதைக் கேட்பது டாக்டரை சந்தேகப்படுவது ஆகாது. உலகின் பல பெரிய மருத்துவமனைகள் தங்களைத் தாங்களே இந்தக் கேள்வியைக் கேட்டு, ரத்தம் ஏற்றும் முறையையே மாற்றியிருக்கின்றன. அப்படி மாற்றியதில் ரத்தமும் மிச்சமானது, நோயாளிகளும் நலமாக இருந்தார்கள். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ரத்தம் சத்து பாட்டில் இல்லை, மருந்து

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தினா தெம்பா இருக்கும்" என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் சட்டப்படி ரத்தம் ஒரு மருந்து. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ்தான் ரத்த மையங்களுக்கு லைசென்ஸ் தரப்படுகிறது. மருந்து என்றால் அளவு உண்டு, பக்கவிளைவும் உண்டு.

சராசரி எடை உள்ள பெரியவருக்கு ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும். அதோடு சேர்ந்து வரக்கூடிய ஆபத்துகள் இவை:

- குரூப் மாறிய ரத்தம் ஏறுவது. பெரும்பாலும் பெயர், படுக்கை, ரத்த மாதிரி குழம்புவதால் நடக்கிறது. உயிருக்கே ஆபத்தாகலாம்.
- அதிகத் திரவம் சேர்ந்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறுவது. முதியவர்கள், இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.
- காய்ச்சல், நடுக்கம், அலர்ஜி, அரிதாக நுரையீரல் பாதிப்பு.
- நோய்த்தொற்று.

தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிப்பது நம் நாட்டில் கட்டாயம். அப்படியும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகிவிடாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது தமிழகத்தையே அதிரவைத்தது. உயிர் காக்க ரத்தம் வேண்டும் என்ற நிலையில் இந்தச் சின்ன ஆபத்தை ஏற்கலாம். தேவையே இல்லாமல் ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

'10' என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இரு மருத்துவர்கள் 1942-ல் எழுதிய பரிந்துரை இதற்குத் தொடக்கம். ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் 10-க்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் அனுபவத்தில் சொன்னது. பெரிய ஆய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை.

முதல் பெரிய சோதனை 1999-ல் கனடாவிலிருந்து வந்தது. ஐ.சி.யு.வில் இருந்த 838 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10-க்குக் கீழே வந்தால் ரத்தம். இன்னொரு பிரிவுக்கு 7-க்குக் கீழே வந்தால்தான் ரத்தம். 7 வரை காத்திருந்த பிரிவுக்குப் பாதிக்கும் குறைவான ரத்தமே செலவானது. ஆனாலும் 30 நாளில் அவர்களிடையே உயிரிழப்பு அதிகரிக்கவில்லை.

2013-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் இரைப்பை, உணவுக்குழாய் பகுதியில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 921 பேரிடம் இதேபோல சோதித்தார்கள். 6 வாரம் கழித்து, குறைவாக ரத்தம் பெற்ற பிரிவில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தாராளமாக ரத்தம் பெற்ற பிரிவில் அது 91 சதவீதம். ரத்தம் கொட்டுகிற நோயாளிக்கே கூடுதல் ரத்தம் கூடுதல் நன்மை தரவில்லை என்பது பலரை யோசிக்கவைத்தது.

இப்போதைய அளவுகோல் என்ன?

ஏஏபிபி என்ற சர்வதேச ரத்தமாற்று அமைப்பு 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் நிலையாக உள்ள பெரியவர்களுக்கு:

- பொதுவாக: ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே வந்தால்
- இதய ஆபரேஷன் செய்தவர்களுக்கு: 7.5
- எலும்பு ஆபரேஷன் செய்தவர்கள், ஏற்கனவே இதயநோய் உள்ளவர்களுக்கு: 8

ஆனால் எண் மட்டுமே முடிவு செய்வதில்லை. மாரடைப்பு வந்த நோயாளிகள் 3,504 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. 10-க்கு மேல் வைத்திருப்பது அவர்களுக்கு நல்லதாக இருக்கலாம் என்ற சாயல் அதில் தெரிந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் மாரடைப்பு நோயாளிக்கு டாக்டர் கொஞ்சம் முன்னதாகவே ரத்தம் ஏற்ற முடிவு செய்தால் அதில் நியாயம் இருக்கிறது.

விபத்து, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்றவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ரத்தம் வேகமாக வெளியேறும்போது லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஏற்ற வேண்டும். தலசீமியா குழந்தைகளுக்கும் தனி விதிமுறை உண்டு. ரத்தம்தான் அவர்களின் வழக்கமான சிகிச்சையே.

டெங்குவுக்கு பிளேட்லெட் ஏத்தணுமா?

மழைக்காலம் வந்தாலே "பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு வந்துடுச்சு" என்ற பதற்றம் தொடங்கிவிடும். இந்தியாவின் தேசிய டெங்கு வழிகாட்டுதல்படி, ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை 10 ஆயிரத்துக்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில் 372 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. எண்ணிக்கை 20 ஆயிரமோ அதற்குக் கீழேயோ இருந்தவர்கள் இவர்கள். முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. டெங்குவில் உயிரைக் காப்பது சரியான நேரத்தில் சரியான அளவு திரவம் கொடுப்பதும், அபாய அறிகுறிகளைக் கண்காணிப்பதும்தான்.

இன்னொன்று, பிளேட்லெட்டை 5 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தேவையில்லாத ஒருவருக்குப் போனால், கீமோதெரபியில் இருக்கும் ஒருவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

ரத்தப் பைக்கு முன்னாடி இரும்புச்சத்து

நம் ஊரில் தேவையற்ற ரத்தமேற்றம் தொடங்கும் இடம், கவனிக்காமல் விட்ட ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வரும் ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் அதிக உதிரப்போக்கு இருந்திருக்கும். ஆபரேஷனுக்கு முதல் நாள்தான் ஹீமோகுளோபின் 7 என்று தெரியவரும். அப்போது ரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நாலைந்து வாரம் முன்பே பார்த்திருந்தால் மாத்திரையோ, நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்தோ வேலையை முடித்திருக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் இதேதான். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அயர்ன் சுக்ரோஸ் ஊசி மருந்து ஏற்றப்படுகிறது. மாத்திரை ஒத்துக்கலைன்னு நிறுத்திவிட்டு, அதை நர்ஸிடம் சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. சொன்னால் மாற்று வழி இருக்கிறது.

மருத்துவமனைகள் என்ன செய்யலாம்?

மேற்கு ஆஸ்திரேலியா 2008-ல் அரசு மருத்துவமனைகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆபரேஷனுக்கு முன்பே ரத்தசோகையைச் சரிசெய்வது, ஆபரேஷனில் ரத்த இழப்பைக் குறைப்பது, ஒவ்வொரு யூனிட்டாக யோசித்து ஏற்றுவது ஆகிய மூன்றும்தான் அதன் அடிப்படை. நான்கு பெரிய மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை 2014 வரை அலசியதில், ரத்தப் பயன்பாடு 41 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் மருத்துவமனையில் தங்கும் நாட்களும், தொற்றுகளும், உயிரிழப்பும் குறைந்தன. இந்தத் திட்டம் மட்டுமே அத்தனைக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரத்தத்தைக் குறைத்ததால் நோயாளிகள் கஷ்டப்படவில்லை என்பது தெளிவு.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் மருத்துவமனை 2010-ல் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தது. அளவுக்கு மேல் ஹீமோகுளோபின் உள்ள நோயாளிக்கு டாக்டர் ரத்தம் எழுதினால், கம்ப்யூட்டர் திரையில் "என்ன காரணம்?" என்று கேள்வி வரும். டாக்டரைத் தடுக்காது, காரணம் மட்டும் கேட்கும். சில ஆண்டுகளில் சிவப்பணு பயன்பாடு கால்வாசி அளவுக்குக் குறைந்தது.

பெரிய செலவில்லாமல் எந்த மருத்துவமனையும் செய்யக்கூடியவை:

- ஒரு யூனிட் ஏற்றியதும் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு அடுத்ததை முடிவு செய்வது
- ரத்தம் கேட்கும் படிவத்தில் ஹீமோகுளோபின் அளவும் காரணமும் எழுதுவதைக் கட்டாயமாக்குவது
- எந்த வார்டில் எவ்வளவு ரத்தம், எதற்காக ஏற்றப்பட்டது என்று ரத்தமாற்றுக் குழு மாதாமாதம் பார்ப்பது
- பக்கவிளைவுகளை, 2012-ல் தொடங்கிய இந்திய ஹீமோவிஜிலன்ஸ் திட்டத்துக்குத் தெரிவிப்பது

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

அவசரம் இல்லாத சூழலில் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்:

- இப்போ ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தம் எதுக்காக ஏத்துறீங்க?
- இரும்புச்சத்து மருந்து கொடுத்து சரி பண்ண முடியுமா?
- ஒரு யூனிட் ஏத்திட்டு, பார்த்துட்டு அடுத்ததை முடிவு பண்ணலாமா?

ரத்தம் ஏற்றும்போது பையில் உள்ள பெயரும் குரூப்பும் நோயாளியோடு சரிபார்க்கப்படுகிறதா என்று கவனியுங்கள். முதல் 15 நிமிடம் மிக முக்கியம். நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், தடிப்பு எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்போ ரத்ததானம் வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. நாம் கொடுத்தால்தான் உண்டு. சிவப்பணுவையே அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால் தானம் தொடர்ந்து வர வேண்டும். நாம் கொடுக்கும் ரத்தம், பிரசவ அறையிலும் விபத்துப் பிரிவிலும் உயிருக்குப் போராடுபவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், வார்டில் தேவையில்லாமல் ஏறும் இரண்டாவது யூனிட்டை முதலில் நிறுத்த வேண்டும்.