பொறி சொன்ன பொய்ச் சாட்சி

உப தபாற் கந்தோர் எப்படியிருக்கும் என்று நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் முன்னறை, கம்பியிட்ட ஒரு சாளரம், முத்திரை குத்தும் ஓசை, ஒரு கணக்குப் புத்தகம். பணம் அரசாங்கத்தினுடையது, பொறுப்பு உப தபாலதிபருடையது. இவ்வேற்பாட்டை இந்நாட்டில் ஏற்படுத்தி வைத்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களது நாட்டிலும் தபாற் கந்தோர்களுட் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. கிராமத்துக் கடையொன்றின் மூலையிலே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் நிற்கும் கடைக்காரரே உப தபாலதிபர். அவர் சம்பளம் பெறும் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர். சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுக் கடையை வாங்கி, தபால் நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அதன் பெயரால் முத்திரை விற்பவர். முதியோருக்கு ஓய்வூதியம் எண்ணிக் கொடுப்பவர். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்று அங்கே கடை வைத்தோர் பலரும் இத்தொழிலைச் செய்து வந்திருக்கின்றனர்.

இத்தகைய மனிதர்களுள் 900 பேருக்கு மேல், 1999 ஆம் ஆண்டு தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, கள்வரென்றும் கணக்கைப் புரட்டியவரென்றும் நீதிமன்றங்களிலே குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது ஒரு கணினி. பொறி பிழைவிடுதல் புதுமையன்று. மனிதன் கையாற் செய்த எதுவும் ஒருநாட் பிழைவிடும். ஆயின் அப்பொறியின் சொல்லை வேதவாக்காக்கி, இருபது ஆண்டு நேர்மையாக வாழ்ந்தவரின் சொல்லைத் தூக்கியெறிந்தவர்கள் யார்? எந்தச் சட்டத்தைத் துணைக்கொண்டு அவ்வாறு செய்தனர்? இக்கேள்விகளே நம்மை எழுதத் தூண்டின.

அக்கணினி அமைப்பின் பெயர் ஹொறைசன். அதன் பிறப்பே நல்ல சகுனத்தில் நிகழவில்லை. அரசாங்க உதவிப் பணத்தை அட்டைமூலம் வழங்குவதற்கென 1996 இல் தொடங்கிய பெருந்திட்டம் அது. காலம் கடந்தது, செலவு ஏறியது. 1999 இல் அட்டைத் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. எஞ்சிய பகுதி தபால் நிறுவனத்தின் தலையிற் கட்டப்பட்டது. பந்திக்கென்று சமைத்ததிற் பாதியைக் கொட்டிவிட்டு, மீதியை இலையில் வைத்த கதைதான். செய்துகொடுத்தது ஐ. சி. எல். என்னும் கொம்பனி, அதன் உரிமையாளர் ஜப்பானிய நிறுவனமாகிய புஜிற்சு.

ஹொறைசன் வருமுன் கணக்குகள் தாளிலே எழுதப்பட்டன. கூட்டல் பொருந்தாவிடின் பழைய தாள்களைப் புரட்டிப் பிழையைத் தேடிப் பிடிக்கலாம். கணினி வந்தபின், பெட்டியில் இவ்வளவு பணம் இருத்தல் வேண்டும் என்று திரை ஒரு தொகையைக் காட்டும். பெட்டியிலே அது இல்லை. அத்தொகை எவ்வாறு வந்தது என்று உள்ளே புகுந்து பார்க்க உப தபாலதிபருக்கு வழி கிடையாது. கணக்கு ஒத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாலன்றி அடுத்த கணக்குக் காலத்துக்குக் கந்தோரைத் திறக்கவும் இயலாது. ஆகவே சிலர் கைப்பணத்தைப் போட்டனர். பின்னர் தாய் தந்தையரிடமும் உறவினரிடமும் கடன் வாங்கிப் போட்டனர். போட முடியாதவர்கள், பணம் இருப்பதாகப் பதிந்துவிட்டு மறுநாள் கந்தோரைத் திறந்தனர். அவ்வாறு பதிந்தவுடன், பொய்க் கணக்குக் காட்டிய குற்றம் அவர்களைப் பற்றிக்கொண்டது. களவு செய்யாதவரைக் குற்றவாளியாக்க இதனைவிட எளிய உபாயம் வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம்.

கணினிக்குள் என்னதான் நிகழ்ந்தது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஓர் உதாரணம் போதும். ஸ்கொத்லாந்திலே டல்மெலிங்ரன் என்னும் ஊரின் பெயரால் அறியப்பட்ட ஒரு பிழை 2015 இல் வெளிப்பட்டது. காசுப்பொதி வந்து சேர்ந்ததைப் பதிவதற்காக ஊழியர் விசையை அழுத்துகிறார். திரை அசையாமல் நிற்கிறது. நாமாயினும் என்ன செய்வோம்? மீண்டும் அழுத்துவோம். அவரும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கணினி ஓசையின்றி அதே பொதியைப் புதிதாக வந்த பணமென எழுதிக்கொண்டது. ஈற்றிலே 24,000 பவுண் குறைவதாகக் கணக்குக் காட்டியது. இப்பிழை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்படாத பிழைகளின் விலையைக் கடைக்காரர்கள் கொடுத்தனர்.

யோக்‌ஷயர்க் கடற்கரையில் பிரிட்லிங்ரன் என்னும் ஊரில் லீ காசில்ரன் என்பவர் தபாற் கந்தோர் நடத்தினார். கணக்குக் குறையத் தொடங்கியதும் நிறுவனத்தின் உதவித் தொலைபேசிக்கு அவர் 91 தடவை அழைப்பு விடுத்தார். களவெடுப்பவன் 91 முறை கூப்பிட்டு, என் கணக்கை வந்து பாருங்கள் என்று மன்றாடுவானா? ஏறத்தாழ 25,000 பவுணுக்காக நிறுவனம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. சட்டத்தரணி அமர்த்த வசதியின்றி அவர் தாமே வாதாடினார். 2007 இற் தோற்றார். வழக்குச் செலவாக அவர்மீது சுமத்தப்பட்ட தொகை 321,000 பவுண். அவர் வங்குரோத்தானார்.

உதவி கேட்டு அழைத்தோர் பலருக்கும் மறுமுனையிற் கிடைத்த மறுமொழி ஒன்றே: இத்தொல்லை உமக்கு மாத்திரந்தான். வேறெவரும் முறையிடவில்லை. நாடெங்கும் பரந்து கிடந்த நூற்றுக்கணக்கானோர், ஒருவரையொருவர் அறியாமல், தத்தம் கடையின் பின்னறையில் இருந்து இதனைக் கேட்டனர். தமது அறிவையே ஐயுற்றனர். மனைவியையும் வேலையாளையும் ஐயுற்றனர். எத்தனை வீடுகளில் அமைதி குலைந்ததோ! கணினியின் பிழைகளிலும் பார்க்க இந்த ஒரு வாக்கியமே கொடியது என்போம்.

சட்டம் என்ன செய்தது என்பதை இனிப் பார்ப்போம். கணினியிலிருந்து பெற்ற சான்றினைக் குற்ற வழக்கிற் கொண்டுவருவதாயின், அக்கணினி ஒழுங்காக இயங்கியது என்று முதலில் நிறுவுதல் வேண்டும் என 1984 ஆம் ஆண்டின் சட்டமொன்று விதித்திருந்தது. இது வீண் தொல்லை எனக் கருதப்பட்டு 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. நீக்கம் 2000 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்போர் அதைக் காட்டுதல் வேண்டும். கடைக்கார அம்மையார் ஒருவர், தாம் கண்ணாலும் காணாத ஒரு பொறியின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று எங்ஙனம் காட்டுவார்? ஹொறைசன் கந்தோர்களுக்கு வந்த காலமும் இம்மாற்றம் வந்த காலமும் ஒன்றாயமைந்தமை கெட்ட காலமே.

இன்னுமொன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தபால் நிறுவனம் பொலிசை எதிர்பாராமல் தானே குற்ற வழக்குத் தொடரலாம். பணத்தை இழந்ததாகச் சொல்வதும் அதுவே, விசாரிப்பதும் அதுவே, குற்றஞ் சாட்டுவதும் அதுவே. மேற்கூறிய குற்றத் தீர்ப்புகளுள் ஏறத்தாழ 700 அது தானே நடத்திய வழக்குகளில் விளைந்தவை. ஊர்ப் பஞ்சாயத்திலேகூட இதற்கு ஒப்பமாட்டார்கள்.

சரே மாநிலத்தில் வெஸ்ற் பைபிளீற் என்னும் ஊரிலே தபாற் கந்தோர் நடத்திய சீமா மிஸ்ரா இந்தியாவிற் பிறந்தவர். 74,000 பவுணைக் களவாடினாரென்று 2010 நவம்பரில் அவருக்குப் பதினைந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்பொழுது அவர் கர்ப்பவதி. தீர்ப்பு நாள், மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாள். இத்தீர்ப்பைக் கண்டு பிறர் கணினியைக் குறைகூற அஞ்சுவார்கள் என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவிலே மகிழ்ந்து எழுதிய கடிதம் பின்னாளில் விசாரணைக்கு வந்தது. அதனைப் படித்தபோது நமக்கு உண்டான அருவருப்பைச் சொல்ல வார்த்தையில்லை. சந்தேகத்துக்குரியோரை இனவாரியாகப் பிரித்து எழுதுவதற்கு அதன் விசாரணையாளர்கள் வைத்திருந்த இழிவான சொற்களும் 2023 இல் வெளிப்பட்டன.

ஹம்ஷயர் மாநிலத்திலே சவுத் வோண்பறோ ஒரு சிறு கிராமம். அங்கே கடை நடத்திய ஜோ ஹமில்ரன், உதவித் தொலைபேசியிற் சொல்லியபடி விசைகளை அழுத்திக்கொண்டிருக்கையிலேயே, குறைந்த தொகை தம் கண்முன் இரட்டித்தது என்று கூறினார். ஈற்றில் அது 36,000 பவுணாயிற்று. களவுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதாக நிறுவனம் சொன்னதால், சிறைக்கு அஞ்சி, பொய்க் கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊரார் என்ன செய்தனர் தெரியுமா? பணம் சேர்த்துக் கொடுத்தனர். நீதிமன்றத்துக்குத் திரண்டு சென்று அவருக்காக நின்றனர். தினமும் அவரிடம் பாணும் முத்திரையும் வாங்கியவர்கள், திரையிற் கண்ட எண்ணை ஒருகணமும் நம்பவில்லை.

நிற்க. வேல்ஸ் நாட்டில் லண்டட்னோ என்னும் ஊரிலே கந்தோர் நடத்திய அலன் பேற்ஸ் வேறொரு வகையான மனிதர். தமக்கு விளங்காத கணக்குக்குத் தாம் பொறுப்பேற்க இயலாது என்று எழுதினார். 2003 இல் அவரது உடன்படிக்கையை நிறுவனம் முறித்தது. போட்ட முதல் போயிற்று. அவர் ஓயவில்லை. 2009 மே மாதத்தில் கணினித் தொழில் பற்றிய ஒரு வார இதழ், ஏழு உப தபாலதிபர்களின் வரலாற்றை வெளியிட்டது. பெருஞ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பேற்ஸ், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பெனி கொம்ரன் என்னும் கிராமத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் சில பேர்தாம். ஒருவர் எழுந்து தமது கதையைச் சொல்ல, அடுத்தவர் எழுந்து சொன்னதும் அதே கதை. “உமக்கு மாத்திரந்தான்” என்ற சொல் அந்த மண்டபத்திலே செத்துப்போயிற்று.

அதன்பின்னரும் பத்து ஆண்டுகள் சென்றன. வெளியிலிருந்து எவரும் கந்தோர்க் கணக்கிற் கை வைக்க முடியாது என்று நிறுவனம் சாதித்தது. புஜிற்சுவின் ஊழியர்கள் அவ்வாறு செய்ததுண்டு என்று, அங்கே வேலைபார்த்த ஒருவரே 2015 இற் தொலைக்காட்சியிற் கூறினார். 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். கணினியில் அறியப்பட்ட பிழைகளை எழுதிவைத்த பதிவேடு ஒன்று உண்டு. அதனை அவர்கள் கேட்டபோது, அப்படியொன்று உண்டோ என்று ஐயம் எழுப்பியது நிறுவனம். பின்னர் அது வழக்குக்குத் தேவையற்றது என்றது. பின்னர் அது தன் வசமில்லை என்றது. நடுவழியில் நீதிபதியையே விலகுமாறும் கோரிப் பார்த்தது. 2019 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி பிறேசர், நிறுவனத்தின் நிலைப்பாட்டைப் பூமி தட்டையென்று சாதிப்போரின் பிடிவாதத்துக்கு ஒப்பிட்டார். வெற்றி கிடைத்தது, ஆயின் இணக்கமாகக் கிடைத்த 57.75 மில்லியன் பவுணிற் பெரும்பங்கு வழக்குச் செலவுக்கே சென்றது. ஒருவருக்குக் கிடைத்தது சராசரி 20,000 பவுண் அளவில்.

அரசியல்வாதிகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அந்நிறுவனத்தின் முழுப் பங்கும் அரசாங்கத்தினுடையது. எக்கட்சி ஆண்டபோதும், அன்றாடக் கருமங்களில் நாம் தலையிடுவதில்லை என்ற பாட்டையே பாடினர். பேற்ஸ் 2010 இற் சந்திப்புக் கேட்டபோது, சந்திப்பதாற் பயனில்லை என்று பொறுப்பான அமைச்சர் முதலில் எழுதினார். சில மாதங்கள் சென்றபின்பே சந்தித்தார். தீர்ப்பு வந்த அதே 2019 இன் புத்தாண்டு விருதுப் பட்டியலில், நிறுவனத்தின் தலைமை நிருவாகியான போலா வெனெல்ஸ் அம்மையாருக்கு அரச விருது அறிவிக்கப்பட்டது. 2024 இல் அவர் அதனைத் திருப்பிக் கொடுத்தார்.

2021 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத் தீர்ப்புகளை நீக்கியது. ஹமில்ரனும் மிஸ்ராவும் அவர்களுள் அடங்குவர். மிகுதிப் பேருக்கு விடுதலை வந்த வழி விசித்திரமானது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் இவ்வரலாற்றை நாடகமாக்கி நான்கு இரவுகள் தொலைக்காட்சியிற் காட்டினர். நாடு கொதித்தெழுந்தது. மே மாதத்திற் பாராளுமன்றம் நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ஒரே சட்டத்தால் அழித்தது. நீதிமன்றத் தீர்ப்பைப் பாராளுமன்றம் அழிப்பது நல்ல வழக்கமன்று. அதனை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் பல்லாண்டுகளாக எழுத்திலே கிடந்த உண்மைக்கு நான்கு இரவு நாடகம் வேண்டியிருந்ததே என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் முதற் பகுதி, 13 பேர் இத்துன்பத்தாற் தம்முயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று கூறுகிறது. அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் நூறு கோடிப் பவுணுக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது. புஜிற்சு தனக்கும் அதிற் பங்கு கொடுக்கும் தார்மிகக் கடமை உண்டென 2024 இல் ஒப்புக்கொண்டிருந்தது. அப்பாவிகளைச் சிறைக்கு அனுப்பியோருள் எவர்மீதும் அதுவரை வழக்குத் தொடரப்படவில்லை. பொலிஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

கணினி ஒழுங்காக இயங்கியதென எடுத்துக்கொள்ளும் அந்தச் சட்ட ஊகத்தை மாற்றுவதா என்று பிரித்தானிய நீதி அமைச்சு 2025 ஜனவரியில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நம்மிடம் கேட்டிருப்பின் ஒரே வரியில் எழுதியிருப்போம்: பொறிக்கு உரியவர் எவரோ அவரே, அதன் பிழைப் பதிவேட்டை முதல் நாளன்றே நீதிமன்ற மேசையிற் கொண்டுவந்து வைக்கட்டும்.