தாடி ஓணானுக்கு வெயில் வேண்டும்... ஜன்னல் வெயில் அல்ல!

'ராயபுரத்துல நாமே வெந்துக்கிட்டு இருக்கோம். இதுல ஓணானுக்கு ஹீட்டர் வேறயா?'

பிள்ளை அடம்பிடித்து 'பியர்டட் டிராகன்' வாங்கித் தரச் சொல்லும்போது, வீட்டில் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பாதி சரியும்கூட! நம்மூரில் சூடு பெரிய பிரச்னை இல்லை. பிரச்னையே வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வறண்ட நிலத்தில் வாழும் ஓணான் இது. பயந்தாலோ கோபம் வந்தாலோ தொண்டைக்குக் கீழே இருக்கும் முட்களை உப்பிக் காட்டும். தாடி வைத்தது மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். சாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம்கூட இருக்கும். (வாங்குகிறவர்கள் பில்லோடு வாங்குங்கள். அயல்நாட்டு ஊர்வனவற்றைப் பெட்டியில் அடைத்துக் கடத்திவந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிற செய்தி அடிக்கடி வருகிறதே!)

இப்போது அந்த வெளிச்ச விஷயம். சூரிய ஒளியில் 'யுவிபி' என்றொரு புறஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் இந்த ஓணானின் உடம்பில் வைட்டமின் டி உருவாக ஆரம்பிக்கும். ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அந்த வேலை முடிய உடம்புச் சூடும் வேண்டும். அதனால் வெளிச்சமும் சூடும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கவேண்டும். வைட்டமின் டி இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு கால்சியம் பவுடர் தூவிக் கொடுத்தாலும் எலும்பில் சேராது. உடம்பு என்ன செய்யும்? சொந்த எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும்! தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், விரல்கள் வெடவெடவென்று நடுங்கும், கால் வளையும். குழந்தைகளுக்கு வருகிற ரிக்கெட்ஸ் நோயின் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வளைந்த எலும்பு பிறகு நிமிர்வதில்லை.

'எங்க வீட்டு ஜன்னல்ல நல்லா வெயில் வருதே' என்பீர்கள். வரும். ஆனால் ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். சூடு மட்டும்தான் உள்ளே வரும். (நமக்கும் இதே கதைதான். மூடிய கண்ணாடி ஜன்னலருகே எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் வைட்டமின் டி கிடைக்காது.) சாதா டியூப்லைட், எல்.இ.டி. பல்பு இவற்றாலும் பிரயோஜனமில்லை. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் யுவிபி டியூப் வாங்கவேண்டும். சுருள் பல்பைவிட நீள டியூப் மேல். பரவலாக வெளிச்சம் தரும். ஓணான் உட்காரும் கல்லுக்கு மேலே ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் மாட்டி (சரியான உயரம் டியூப் அட்டையில் இருக்கும்), தினம் பத்து பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. இன்னொன்று: டியூப் பளிச்சென்று எரியும், ஆனால் யுவிபி தீர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய தேதியை அதன் ஓரத்திலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவைத்து, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

மொட்டைமாடி இருக்கிறதா? செலவே இல்லை! காலை எட்டரையிலிருந்து பத்துக்குள், கம்பிவலைக் கூண்டில் பாதி நிழல் விழும்படி வைத்து, இருபது நிமிடம். நீங்களும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். காசிமேட்டு மீனுக்கு வட்டமிடுகிற பருந்துக்கும் காக்கைக்கும் ஓணான் என்றால் கசக்குமா என்ன? கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களிலேயே உள்ளே வெந்துபோகும்.

சூட்டு விஷயத்துக்கு வருவோம். பெட்டியின் ஒரு மூலையில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் மூலையில் 25 முதல் 29. சூடு போதும் என்றால் அது தானாக நகர்ந்து போகும். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால் சூட்டை வெளியே விடுகிறது என்று அர்த்தம். சூட்டு மூலைக்கு ஒரு ஹாலஜன் பல்பு போதும். எத்தனை வாட் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். இரண்டு மூலையிலும் தெர்மாமீட்டர் வைத்து அதைக் கேளுங்கள். மே மாதத்தில் நம் மாடி வீடுகளில் குளிர்ந்த மூலையே 36-ஐத் தாண்டும். அப்போது பல்பை அணைத்துவிட்டு, பெட்டியைத் தரைத்தளத்துக்கோ காற்றோட்டமான அறைக்கோ மாற்றவேண்டும். யுவிபி டியூப் எரியட்டும். ராத்திரிக்குச் சிவப்பு பல்பு எல்லாம் வேண்டாம். டிசம்பரிலும் நம்மூர் இரவு அதற்குத் தாங்கும். ஏ.சி. அறையில் மட்டும் வைக்காதீர்கள். கரண்டில் சூடாகும் 'ஹீட் ராக்' என்ற கல் வேண்டவே வேண்டாம். வயிறு வெந்துபோகிற அளவு சுட்டாலும் அது எழுந்து போகாமல் படுத்தே கிடக்கும்.

கடலோர ஈரப்பதமும் அதற்கு ஆகாது, நெஞ்சில் சளி கட்டும். வலை போட்ட மூடி, உலர்ந்த தரை, மழைக்காலத்தில் கூடுதல் கவனம். நம் பக்கத்து உப்புக் காற்றில் ஹோல்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். பீங்கான் ஹோல்டராகப் போட்டு, எர்த் உள்ள பிளக்கில் சொருகுங்கள். பல்பை அது தொடமுடியாதபடி வலைக்கு வெளியே மாட்டுவது நல்லது.

உங்கள் ஆரோக்கியம்? ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அது பார்க்க ஜோராக இருந்தாலும்! அமெரிக்காவில் இந்த ஓணான்கள் மூலம் பரவிய சால்மொனெல்லா தொற்று 2014-ல் வெளிச்சத்துக்கு வந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் ஐந்து வயதும் அதற்குக் குறைவானவர்களும். அந்த வயதுக் குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதான பாட்டியோ இருக்கும் வீட்டில் யோசித்து வாங்குங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும். அதன் தட்டைச் சமையலறை சிங்க்கில் கழுவக்கூடாது.

நடுக்கம், மெத்தென்ற தாடை, இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடாமை... இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ராயபுரத்திலிருந்து தூரமில்லை. தனியார் டாக்டரிடம் போனால் ஊர்வன பார்த்துப் பழக்கம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்? பதற வேண்டாம், சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. இரை மட்டும் போடாதீர்கள். உடம்பு சூடாக இருந்தால்தான் அதற்கு ஜீரணமாகும். கரண்ட் வந்து, பல்பு எரிந்து, கல்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபிறகு கொடுங்கள்.