உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பிணியும் ஹோமியோ மருந்தும்

◆ ஹோமியோ கடையில் தரும் சின்னப் புட்டியின் லேபிளைக் கண்ணருகே பிடித்துப் படித்திருக்கிறீர்களா? மேலே மருந்தின் லத்தீன் பெயர். பக்கத்தில் 30, 200, 6எக்ஸ், 3எக்ஸ் என்று ஏதோ ஒன்று. சிலவற்றில் எண்ணே இருக்காது. ‘கியூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும். கர்ப்பிணிக்கு அந்த மருந்து ஆகுமா ஆகாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மருந்தின் பெயரைவிட இந்தக் குறிதான். ‘30’ என்றால், மூலப்பொருளில் ஒரு பங்கை நூறு பங்காகக் கரைத்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாகக் கரைத்து, இப்படியே 30 தடவை செய்தது. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறு அதில் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 30-இல் கரைசலின் அளவு, 1-க்குப் பின்னால் 60 சுழியங்கள் போட்டால் வரும் எண்.

◆ ஆகவே 30, 200 என்று எழுதிய சர்க்கரை உருண்டை, முறையாகத் தயாரிக்கப்பட்டிருந்தால், வயிற்றில் இருக்கும் சிசுவைக் கெடுக்க அதில் எதுவும் கிடையாது. தெரியாமல் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டோமே என்று பயந்து தூக்கம் கெட்டுக் கிடக்கும் கர்ப்பிணிகள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் கெடுக்க எதுவும் இல்லாத உருண்டையில் குணப்படுத்தவும் எதுவும் இல்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 176 ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது.

◆ ‘கியூ’ என்பது மதர் டிங்சர். செடி, வேர், பட்டையின் சாற்றை ஆல்கஹாலில் இறக்கிய தாய்க்கரைசல். கரைத்துக் கரைத்து இல்லாமல் ஆக்கிய மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது நிஜமான மூலிகைச் சாறு. நிஜமான வீரியம் உண்டு. ‘ஹோமியோபதிதானே, பக்கவிளைவு கிடையாது’ என்ற பேச்சு இந்தப் புட்டிக்குப் பொருந்தாது. எண் சிறியதாக இருக்கும் ‘எக்ஸ்’ வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்கு மருந்து, 3எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

◆ 1எக்ஸ் அளவில் ஆர்சனிக், அதாவது பாஷாணம், கலந்த ஹோமியோ மருந்துகளைச் சாப்பிட்ட மூன்று பேருக்கு ஆர்சனிக் நஞ்சு ஏறியதைக் கொல்கத்தா ஆய்வாளர்கள் 2003-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை. ஆனால் ஆர்சனிக் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போகும் பொருள் என்பதால், வயிற்றுப் பிள்ளைக்காரி இந்தச் செய்தியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

◆ லேபிளில் இருக்கும் லத்தீன் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவை இவை: நக்ஸ் வாமிகா நம் ஊர் எட்டிக்காய். அகோனைட் வசநாவி வகை. செபியா கணவாய் மை. நேட்ரம் மூர் சாப்பாட்டு உப்பு. லாக்கெசிஸ் பாம்பு விஷம்.

◆ ‘சுகப்பிரசவம் ஆகணும்னா எட்டாம் மாசத்திலிருந்து இதைக் கொடுங்க’ என்று சொல்லப்படும் மருந்துகளில் காலோஃபில்லம் முக்கியமானது. வட அமெரிக்கக் காடுகளில் வளரும் ‘புளூ கோஹோஷ்’ செடியின் வேரிலிருந்து எடுப்பது. அங்கே பிரசவ வலியைத் தூண்ட இந்த வேரைப் பல காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு செய்தி வந்தது: பிரசவத்துக்கு முன் இந்த மூலிகையைச் சாப்பிட்டு வந்த தாய்க்குப் பிறந்த குழந்தை, கடுமையான இதயச் செயலிழப்போடு பிறந்தது. அந்தத் தாய் சாப்பிட்டது மூலிகை மாத்திரை. ஹோமியோ உருண்டை இல்லை. ஆனால் காலோஃபில்லம் மதர் டிங்சரும் அதே வேரின் சாறுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, கரைத்த காலோஃபில்லம் உருண்டையால் வலி சீக்கிரம் வருமா? காக்ரேன் அமைப்பு 2003-இல் கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தேறியவை இரண்டே இரண்டு. இரண்டிலும் சேர்த்து 133 பெண்கள். இதை வைத்துப் பரிந்துரை எதுவும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டது.

◆ இன்னொரு மருந்தின் கதை இதைவிட அழுத்தமானது. ரை போன்ற தானியக் கதிர்களைப் பீடிக்கும் பூஞ்சைகளில் ‘எர்காட்’ ஒன்று. கருப்பையைக் கெட்டியாகச் சுருங்க வைக்கும். ஐரோப்பிய மருத்துவச்சிகள் பிரசவத்தை விரைவுபடுத்த இதைக் கொடுத்து வந்தார்கள். 1808-இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிய பிறகு மருத்துவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். விடாமல் இறுகிய கருப்பைக்குள் குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தன. 1820-களில் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசக், குழந்தை வெளியே வரும் முன் இதைத் தொடவே கூடாது, பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டுமே கொடுக்கலாம் என்று எச்சரித்தார். அந்த விதி இன்றும் அப்படியே நிற்கிறது. பூஞ்சையிலிருந்து எர்கோமெட்ரினைப் பிரித்தெடுத்தது 1935-இல். பிரசவ அறையில் இன்றைக்கும், குழந்தை பிறந்த பின் உதிரம் நிற்காவிட்டால் போடும் ஊசிகளில் அதன் வழிவந்த மெத்தில் எர்கோமெட்ரின் உண்டு. அளவு 0.2 மில்லிகிராம். மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கு அவ்வளவு கணக்கு! அதே பூஞ்சைதான் ஹோமியோவில் ‘செகேல் கார்னூட்டம்’. மதர் டிங்சராகவோ தாழ்ந்த எண்ணிலோ அதை யாராவது கர்ப்பிணிக்கு நீட்டினால், வாங்கவே வேண்டாம்.

◆ ஆல்கஹால் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஹோமியோ மருந்தை 30 மி.லி.க்குப் பெரிய புட்டியில் சில்லறையாக விற்கக் கூடாது என்பது இந்திய மருந்து விதி. உருண்டையில் தெளித்த ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மதர் டிங்சரை 20 சொட்டு வீதம் மூன்று வேளை குடித்தால், நாளொன்றுக்குச் சுமார் 3 மி.லி. டிங்சர் உள்ளே போகும். கொஞ்சம்தான். ஆனாலும் கர்ப்ப காலத்தில் இவ்வளவு ஆல்கஹால் ஆபத்தில்லை என்று யாரும் அளவு வகுத்ததில்லை.

◆ மசக்கை வாந்தி பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கி, நாலு ஐந்து மாதத்துக்குள் தானாக அடங்கும். மூன்றாம் மாதம் இபிகாக் உருண்டையோ செபியாவோ தொடங்கியவருக்கு நாலாம் மாதம் வாந்தி நின்றால், பெயர் உருண்டைக்குப் போகும்.

குழந்தை தலை திரும்பாத கதையும் இதேதான். 28-ஆவது வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலாகத்தான் இருக்கும். பிரசவ நேரத்தில் நூற்றுக்கு மூன்று நான்குதான் அப்படி மிஞ்சும். மீதி எல்லாம் தாமே புரண்டுகொள்கின்றன. ‘பல்சட்டிலா கொடுத்தேன், திரும்பிடுச்சு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. கொடுக்காதவர்களின் குழந்தையும் திரும்பியதை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

◆ கர்ப்பிணிகள் ஆங்கில மருந்துக்கு அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் ‘முழுக்கப் பாதுகாப்பானது’ என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது; அந்த மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைப்பட்ட கை கால்களோடும் பிற ஊனங்களோடும் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் அதற்கு அனுமதி தராமல் பிடிவாதமாக நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. போதுமான சான்று காட்டுங்கள் என்பது மட்டுமே அவர் கேட்டது.

அந்தப் பயம் பின்னாளில் எதிர்ப்பக்கமும் வெட்டியது. டாக்சிலமைன், பி6 வைட்டமின் இரண்டும் சேர்ந்த மசக்கை மாத்திரையின் மீது அமெரிக்காவில் வழக்குக்கு மேல் வழக்கு. ஆய்வுகள் அதில் குற்றம் காணவில்லை. இருந்தும் 1983-இல் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வாந்தி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகள் அதற்குப் பிறகு அதிகரித்தார்கள். 2013-இல் அதே கலவைக்கு அமெரிக்க அரசு மீண்டும் அனுமதி தந்தது. கர்ப்ப கால மருந்துகளில் இந்த அளவு துருவித் துருவிப் பார்க்கப்பட்டவை வெகு சில. நம் ஊர் மகப்பேறு மருத்துவர்கள் மசக்கைக்கு வழக்கமாக எழுதுவதும் இந்தக் கலவையைத்தான்.

◆ இனி சொல்லப்போவதுதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. உருண்டை சாப்பிட்டுக் கெட்டவர்களைவிட, உருண்டை இருக்கிறதே என்று வேறொன்றை விட்டவர்களுக்கு வரும் ஆபத்து பெரிது. முதலில் இரும்புச் சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மலம் கறுக்கிறது, கட்டிக்கொள்கிறது, குமட்டுகிறது என்று பலர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். ‘ஃபெர்ரம் பாஸ் 6எக்ஸ் போடு, அதுவும் இரும்புதான், வயிற்றை ஒன்றும் பண்ணாது’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6எக்ஸ் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 மில்லிகிராம் எடையுள்ள மாத்திரையில் மருந்து 0.1 மைக்ரோகிராம். அது முழுக்க இரும்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நர்ஸம்மா மாத்திரையின் இரும்பு கிடைக்க ஆறு லட்சம் ஃபெர்ரம் பாஸ் மாத்திரை வேண்டும். வேளைக்கு நாலு, நாளைக்கு நாலு வேளை என்று தின்றால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் உதிரம் போகும்போது சோகை பிடித்த உடம்பு தாங்காது. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம், ராத்திரி படுக்கும்போது போடலாம், எலுமிச்சைச் சாறோடு போடலாம். காபி, டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அதற்கும் சரிப்படாவிட்டால் மருத்துவர் வேறு மாத்திரையோ ஊசியோ மாற்றித் தருவார். நிறுத்துவது மட்டும் கூடாது.

◆ மெக்னீசியத்திலும் இதே வித்தியாசம். ‘மேக் பாஸ்’ மாத்திரையில் இருப்பதும் மெக்னீசியம்தான். ஆனால் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு நரம்பு வழியே முதலில் ஏற்றும் மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம். 2002-இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்தது. வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. ஐந்து மாதத்துக்குப் பின் விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் உருண்டை போட்டுக் காத்திருக்கக் கூடாது. பி.பி. 140/90-ஐத் தொட்டாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல், இவற்றுக்கும் 108-தான்.

◆ தாய்க்கு ரத்தம் நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். எந்த மருத்துவ முறையிலும் இதற்கு மாற்று கிடையாது.

◆ சர்க்கரை உருண்டையால் கர்ப்ப கால நீரிழிவு வந்துவிடாது. அதில் இருக்கும் சர்க்கரை ஒரு ஸ்பூன்கூட தேறாது. இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறினால்தான் விபரீதம். தைராய்டு மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

◆ ‘ஆண் குழந்தை பிறக்க மருந்து’ என்று யார் எந்தப் பெயரில் தந்தாலும் அது குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருவுறும் முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பதையும் 2003 திருத்தத்துக்குப் பின் தடை செய்கிறது. ஹரியானாவில் இப்படிக் கொடுக்கப்பட்ட நாட்டுப் பொடிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு அதிகம் என்று கண்டார்கள். கருவில் இருக்கும் பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்துத் தின்ற பொடி, பிறக்கிற குழந்தைக்கே ஆபத்தாகிறது. இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியவில்லை.

◆ ஹோமியோபதி மருத்துவர் ஆக நம் நாட்டில் பி.எச்.எம்.எஸ். படிக்க வேண்டும், பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருஷம். தமிழக அரசின் ஹோமியோபதிக் கல்லூரி மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் இருக்கிறது. படித்தவர்கள் நாடி, அழுத்தம் பார்த்து, ஆபத்து தெரிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். ‘ஸ்கேன் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், அந்த மாத்திரையெல்லாம் நிறுத்துங்கள்’ என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும், அவர் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும்.

◆ குழந்தை பிறந்த பிறகும் லேபிளைப் படிக்கும் பழக்கம் தொடர வேண்டும். பல் முளைக்கும் பிள்ளைகளுக்கு என்று அமெரிக்காவில் விற்ற ஹோமியோ மாத்திரைகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்து 2017 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து மாத்திரைக்கு மாத்திரை வேறுபட்டது. சிலவற்றில் லேபிளில் போட்டதைவிட மிக அதிகம். கரைத்தது சரியாகக் கரையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

◆ அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: உருண்டை, டிங்சர், லேகியம், கஷாயப் பொடி, மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்தது, எல்லாம். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் அதிகம். சாப்பிட்டதில் ஏதாவது ஒவ்வாமல் போனால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். புட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்; அதன் லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.