டயர் கிழிஞ்சா இன்சூரன்ஸ் காசு தருமா?

எம்.ஆர்.எஃப் 1946-ல் பலூன் கம்பெனியா ஆரம்பிச்சது நம்ம திருவொற்றியூர்லதான். அதே ஊர் வழியா, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல தினமும் கார்ல வேலைக்குப் போறீங்களா? அப்போ இதைத் தெரிஞ்சுக்கோங்க.

டயர் மட்டும் கிழிஞ்சா, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் க்ளைம் கிடையாது. விபத்துல காரும் சேர்ந்து அடிபட்டிருக்கணும். அப்பவும் புது டயர் விலையில் 50% வரைதான். மீதி உங்க சம்பளத்துல இருந்து போகும். டயருக்குன்னு தனி ஆட்-ஆன் இருக்கு. ஆனா காத்து குறைவா ஓட்டிக் கெட்டுப்போன டயருக்குப் பல கம்பெனிகள் அதிலும் பணம் தராது.

டயர் பிரஷர் மானிட்டர் இருந்தா, காத்து இறங்கும்போதே எச்சரிக்கும். இல்லைன்னா 15 நாளுக்கு ஒருமுறை, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற அளவுக்குக் காத்து அடிங்க. பங்க்ல இது இலவசம். டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழ போயிட்டா மாத்திடுங்க, சட்டப்படியும் அதுதான் எல்லை.

உங்க பாலிசியில் டயர் பத்தி என்ன எழுதியிருக்கு? இன்னைக்கே எடுத்துப் படிங்க.