எவர்சில்வர் கத்தியும் துருப்பிடிக்குமா? மழைக்காலத்தில் உங்கள் பாக்கெட் கத்தியைக் காப்பாற்றுவது எப்படி?

முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கிய பொருள்களில் இன்றும் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு மடக்குக் கத்தி.

அப்போது மும்பையில் வாடகை வீட்டில் இருந்தேன். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு லோனாவாலா பக்கம் உள்ள லோகாகட் கோட்டைக்கு ட்ரெக்கிங் போனோம். எலுமிச்சையும் வெள்ளரிக்காயும் நறுக்கிய கத்தியை பேன்ட்டில் துடைத்து, மடக்கி, பைக்குள் போட்டேன். அந்தப் பையை மறுபடி திறந்தது செப்டம்பரில். கத்தி திறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். சட்டென்று விரிந்து, கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. பிளேடு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள்.

இத்தனைக்கும் அதில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தது.

உங்களிடமும் இப்படி ஒரு கத்தி இருக்கலாம். அப்பா கொடுத்தது, ஆன்சைட் போன நண்பர் வாங்கி வந்தது, பைக் பயணத்துக்காக நீங்களே ஆசையாக வாங்கியது. அதை ஒரு மழைக்காலம் கெடுத்துவிடாமல் இருக்க என்ன செய்யணும்? முதலில், துரு ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

துரு எப்படி உருவாகிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் தண்ணீர் என்றால் மழையில் நனைவது மட்டும் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். மே மாத மதியத்தில் டெல்லியின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். ஜூலை, ஆகஸ்டில் மும்பையில் அது 80-ஐத் தாண்டி நிற்கும். ஒரே கத்தி, ஒரே அலமாரி, ஆனால் ஊர் மாறினால் கதை மாறும்.

இதில் உப்பு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் ஆனதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு டப்பா கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். பிளேடில் படிந்த கைவியர்வையிலும் கடற்காற்றிலும் இருப்பது இந்த உப்புதான். சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம், மும்பைவாசிகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியது இதனால்தான்.

'ஸ்டெயின்லெஸ்' என்றால் துருவே பிடிக்காதா?

இல்லை. துருப்பிடிக்க அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரகசியம் குரோமியம். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலத்தை உருவாக்கும். தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும்.

அப்படியானால் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இருபது வருஷம் பளபளக்கிறது, கத்தி மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது? காரணம் கார்பன். கத்தி கூர்மையாக இருக்க ஸ்டீல் கடினமாக இருக்கணும். அதற்குக் கார்பன் வேண்டும். ஆனால் அந்தக் கார்பன், குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அப்படிப் பிணைந்த குரோமியம் படலம் உருவாக்க உதவாது. எண்களைப் பாருங்கள் (எல்லாம் தோராய அளவு):

• டம்ளர், தட்டு செய்யும் 304 ரக ஸ்டீல்: குரோமியம் 18 சதவீதம், கார்பன் அதிகபட்சம் 0.08
• விக்டோரினாக்ஸ் சுவிஸ் ராணுவக் கத்தி: குரோமியம் 14, கார்பன் 0.5
• கத்திகளுக்குப் பயன்படும் 12சி27 ஸ்டீல்: குரோமியம் 13.5, கார்பன் 0.6
• ஆன்லைனில் அதிகம் தென்படும் டி2 ஸ்டீல்: குரோமியம் 12, கார்பன் 1.5
• ஓபினெல் 'கார்பன்' ரகம்: கார்பன் 0.9, குரோமியம் கிட்டத்தட்ட இல்லை

டி2-வைக் கவனியுங்கள். 12 சதவீதக் குரோமியம் 10.5 என்ற எல்லையைத் தாண்டுகிறது. ஆனாலும் கார்பன் அதிகம் என்பதால், கையில் மிஞ்சும் குரோமியம் குறைவு. அதனால்தான் டி2-வை 'பாதி ஸ்டெயின்லெஸ்' என்பார்கள். கத்தி வாங்கும்போது 'ஸ்டெயின்லெஸ்' என்ற வார்த்தையை மட்டும் பார்க்காமல், எந்த ரக ஸ்டீல் என்று பாருங்கள்.

மடக்கி வைத்தால்தான் ஆபத்தா?

ஈரத்தோடு மடக்கி வைத்தால், ஆமாம். துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்றோம். அதே ஆக்சிஜன்தான் குரோமியப் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். கத்தியின் கீலுக்குள், கைப்பிடியின் இடுக்குக்குள் ஈரம் தங்கினால், உள்ளே ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், உப்பு அடர்த்தியாகிக்கொண்டே வரும். படலம் உடையும், மறுபடி உருவாகாது. என் கத்தி பிளேடின் நடுவில் இல்லாமல் கீலில் இறுகிப்போனதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் நனைக்கவே இல்லை என்றாலும் ஈரம் வரலாம். வெளியே 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர்த்துளி படியும். 22 டிகிரி ஏசி அறையில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் என்ன ஆகும்? மூக்குக்கண்ணாடியில் பனி படிவதுபோல கத்தியும் வியர்க்கும்.

டெல்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை?

டெல்லியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும், சுமார் 1,600 ஆண்டுகள் பழமையான இரும்புத் தூண் எல்லோருக்கும் தெரியும். உயரம் 7 மீட்டருக்கு மேல், எடை 6 டன்னுக்கு மேல். அதில் குரோமியம் இல்லை. ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர்.பாலசுப்பிரமணியம் செய்த ஆய்வுகள் சொன்ன காரணம் பாஸ்பரஸ். பழைய முறையில் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாக உதவியது. டெல்லியின் வறண்ட காற்றும் கைகொடுத்தது.

அதாவது தூணும் துருப்பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் துருவே கவசமாக மாறிவிட்டது. மக்கள் கட்டிப்பிடித்துத் தேய்த்த இடத்தில் படலம் பாதிக்கப்பட, 1997-இல் சுற்றி வேலி போட்டார்கள்.

சாதாரணத் துருவால் இப்படிக் கவசமாக முடியாது. அது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உப்பி, உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருப்பிடிக்கும். ஆக, துருவைத் தடுப்பது என்றால் இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு படலத்தைக் காப்பாற்றுவது. குரோமியமோ, பாஸ்பரஸோ, எண்ணெயோ, வேலை ஒன்றுதான்.

வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் ஒரு படலம்தான். கார்பன் ஸ்டீல் கத்தியில் பழமும் வெங்காயமும் வெட்ட வெட்ட சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். ஓரளவு பாதுகாப்பு தரும். ஆரஞ்சு, சிவப்பு தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

1. பயன்படுத்தியதும் கழுவுங்கள். எலுமிச்சை, தக்காளி, மாங்காய், உப்பு பட்டிருந்தால் உடனே. கடற்கரைக்குப் போய் வந்தால், பயன்படுத்தாவிட்டாலும் நல்ல தண்ணீரில் ஒருமுறை.
2. துணியால் துடைத்து, திறந்த நிலையிலேயே காய விடுங்கள். ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் போதும். மடக்குவது கடைசி வேலை.
3. பிளேடில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, கீலில் ஒரே ஒரு சொட்டு. துணியால் துடைத்த பிறகு மிஞ்சுவதே போதும்.
4. தோல் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறை பயணத்துக்கு மட்டும்.
5. ஷூ பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை ஒரு காற்றுப்புகாத டப்பாவில் கத்தியோடு போடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிளீச்சிங் கலந்த கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள குளோரின் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குழி விழவைக்கும்.

எந்த எண்ணெய் நல்லது?

பழம் வெட்டும் கத்தி என்றால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். பால் போன்ற சிரப்பை வாங்கிவிடாதீர்கள். நிறமே இல்லாத, சுத்தமான எண்ணெயாகக் கேளுங்கள். கெட்டுப்போகாது, பிசுபிசுக்காது. உணவுக்குப் பயன்படாத கத்தி என்றால் தையல் மெஷின் எண்ணெய் அருமை.

நல்லெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி, கீலை இறுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பல மாதம் விட்டால் தூசியும் ஒட்டும்.

டபிள்யூடி-40? ஆங்கிலத்தில் 'தண்ணீரை வெளியேற்றுவது, 40-வது கலவை' என்பதன் சுருக்கம் அது. 1953-இல் தயாரானது. பெயரிலேயே வேலை இருக்கிறது: நனைந்த கீலிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதில் கெட்டி. ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் பூச்சு அல்ல. அதை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே எண்ணெய் போடுங்கள்.

ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டதே?

சின்னப் புள்ளிகள் என்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். போகவில்லையா? எண்ணெய் விட்டு, மிக மெல்லிய ரக ஸ்டீல் உல்லால் (கடையில் '0000' என்று கேளுங்கள்) லேசாகத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கீறல் போடும். கீறலில் ஈரம் தங்கும்.

தடித்த துரு என்றால் வினிகரில் சில நிமிடம் ஊறவைக்கலாம். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் அமிலம் நல்ல ஸ்டீலையும் அரிக்கும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். இறுகிய கீலை என்னைப்போல இழுக்காதீர்கள். எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்.

துரு வெட்டினால் டெட்டனஸ் வருமா?

கட்டைவிரலோடு கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் துருவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கடைசியா டிடி ஊசி எப்போ போட்டீங்க?" என்றுதான் கேட்டார். டெட்டனஸை உண்டாக்குவது துரு அல்ல. மண், தூசி, சாணத்தில் வாழும் ஒரு பாக்டீரியா. மண்ணில் கிடந்த துருப்பிடித்த பொருளில் அது ஒட்டியிருக்கலாம் என்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறோம். பளபளக்கும் கத்தியும் மண் பட்டிருந்தால் அதே ஆபத்துதான். இந்தியாவின் தடுப்பூசி அட்டவணையில் 10, 16 வயதில் டிடி ஊசி உண்டு. அதற்குப் பிறகு எப்போது போட்டீர்கள் என்று ஞாபகம் இல்லையென்றால், ஆழமான காயம் பட்டதும் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. உலோக அரிமானத்தால் உலகத்துக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் செலவு, அதாவது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016-இல் நேஸ் இன்டர்நேஷனல் அமைப்பு மதிப்பிட்டது. ஏற்கெனவே தெரிந்த தடுப்பு முறைகளைப் பின்பற்றினாலே அதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சமாகும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. பாலத்துக்கும் கப்பலுக்கும் பொருந்துகிற அதே கணக்கு உங்கள் பாக்கெட்டுக்கும் பொருந்தும்.

என் கத்தி இன்னும் ஓடுகிறது. கீல் பக்கம் இரண்டு குழிகள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவற்றை எந்த எண்ணெயாலும் நிரப்ப முடியாது. உங்கள் கத்தி எந்தப் பையில் கிடக்கிறது? இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.